அவரவர்க்கு அவரவர் இங்கிலீஷ்

வகுப்புக்குள் நுழையும்போது உங்கள் சட்டைப்பையில் என்ன இருக்கும்? பேனா, சாவி, பஸ் டிக்கெட். என் பையில் ஒரு பட்டியல் இருந்தது. நான்காக மடித்த வெள்ளைத்தாள். மடித்து மடித்துக் கிழிந்த இடத்தில் பசை தடவி ஒட்டி, சில வருடங்கள் அதைச் சுமந்தேன். இங்கிலீஷ் கற்பிக்கப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் அந்தத் தாளைப் பற்றித்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்குப் பத்து நாள் பயிற்சி ஒன்று நடந்தது. தாய்மொழி, பிள்ளைகளின் இங்கிலீஷ் உச்சரிப்பை எப்படிப் பிடித்து இழுக்கிறது என்பதுதான் பாடம். வந்தவர் கரும்பலகையின் நடுவே கோடு போட்டார். இடப்பக்கம் தமிழ்ப் பிள்ளைகள் செய்யும் பிழைகள், வலப்பக்கம் மலையாளப் பிள்ளைகள் செய்யும் பிழைகள். தமிழ்ப் பிள்ளை முட்டையை ‘எக்’ என்று சொல்லாது, ‘யெக்’ என்னும். ‘ஸ்கூல்’ என்று தொடங்காது, முன்னால் ஓர் இகரத்தை நிறுத்தி ‘இஸ்கூல்’ என்னும். ‘பேக்’ என்னும்போது ‘கம்பு’ என்ற சொல்லில் வருகிற மெல்லிய ஒலி வேண்டும். அதுவோ ‘பந்து’ என்பதன் வல்லொலியைப் போடும். இடப்பக்கம் முழுவதையும் எழுதிக்கொண்டேன். கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் தமிழ் டிவிஷன் ஆசிரியர். வலப்பக்கம் எனக்கு எதற்கு?

அந்தப் பள்ளியில் ஒரே நீண்ட கூடத்தை மூங்கில் தட்டி வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் தமிழ் ஐந்தாம் வகுப்பு, அந்தப் பக்கம் மலையாளம் ஐந்தாம் வகுப்பு. அங்கே வாய்ப்பாடு சொன்னால் இங்கே காது கேட்காது. அந்தப் பக்கத்தில் இங்கிலீஷ் எடுத்தவர் ஒரு டீச்சர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். தாய்மொழி மலையாளம். ஆனால் நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னோடு தமிழில்தான் பேசுவார், நான் அவரோடு மலையாளத்தில்தான் பேசுவேன். வெளியூரார் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் எல்லைப் பக்கத்தில் அது வழக்கம். எதிரே நிற்பவருடைய பேச்சு எதுவோ அந்தப் பேச்சில் பேச வேண்டும், அதுதான் மரியாதை. நாகர்கோவிலிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் தமிழில் டிக்கெட் கேட்போம், திருவனந்தபுரம் பஸ்ஸில் மலையாளத்தில் கேட்போம். யோசித்துச் செய்வதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதுபோல அது தானாக நடக்கும்.

இனி என் இங்கிலீஷ். அது கண்ணால் கற்ற இங்கிலீஷ். குளத்தூரில் நான் வளர்ந்த காலத்தில் எங்கள் தெருவில் இங்கிலீஷ் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. பொட்டலம் கட்டி வந்த பேப்பரைப் பிரித்து நீவிப் படித்தேன். இரவல் அகராதியை ஒரு மழைக்காலம் முழுக்க வைத்திருந்தேன். கல்லூரிக்குப் போகாமலே பரீட்சை எழுதினேன். சொல்லின் பொருள் தெரியும், எழுத்து தெரியும். அதன் சத்தம்? நானாக ஒன்றைப் போட்டுக்கொண்டேன். பயிற்சிக்குப் பிறகு பட்டியலைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதாக நம்பினேன்.

அந்த வருடம் என் வகுப்பில் ஷைனி என்றொரு பெண்பிள்ளை. பத்து வயது. அப்பா அம்பூரி மலையில் ரப்பர் பால் வெட்டுகிறவர், அங்கேயே தங்கிவிட்டு மாதத்தில் இரண்டு முறை இறங்கி வருவார். அம்மாவுக்கு அண்டி ஆபீசில் வேலை. பெயரைக் கேட்டு ஏதோ அலுவலகம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் முந்திரிப் பருப்பு ஆலைக்கு அதுதான் பெயர். ஷைனி கணக்கில் புலி, கையெழுத்து அச்சுப்போல. ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிப்பது அவள்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். இங்கிலீஷும் நன்றாகப் படிப்பாள். ஆனால் வாயைத் திறந்தால் என் பட்டியலின் இடப்பக்கம் முழுவதும் ஒன்றுவிடாமல் வெளியே வரும்.

“யெக் இல்ல மக்கா. எக். சொல்லு.”

“எக்.”

“ஆங். இப்ப வரிய வாசி.”

“யெவரி யெக்...”

“எத்தன தடவ செல்லியது உனக்கு!”

நான் நிறுத்தி, வாயை விரித்து, தனியாகச் சொல்லிக் காட்டினால் அவளும் சரியாகச் சொல்வாள். நான் பாடத்தைத் தொடர்ந்து பேச ஆரம்பித்ததும் பழையபடி ஆகிவிடும். ‘பேக்’ சொல்லச் சொல்லி, ஒரு துண்டுத்தாளை அவள் வாய்க்கு நேரே பிடித்து, காற்று பட்டு அசைகிறதா என்று பார்ப்பேன். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். என் முகத்தையே, குறிப்பாக என் வாயையே, பார்த்துக்கொண்டு நிற்பாள். நாக்கு படிந்துவிட்டது, தமிழ் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் அந்த விண்ணப்பம் வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளி, பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து படிப்பு, சாப்பாடு, தங்கல் எல்லாம் இலவசம். ஒரு பள்ளிக்கு ஒரு பிள்ளையைத்தான் அனுப்பலாம். எங்கள் பள்ளியில் ஷைனியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கே எல்லாம் இங்கிலீஷில் நடக்கும் என்பதால், பிள்ளையின் பேச்சு எப்படி என்று இங்கிலீஷ் ஆசிரியர் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

“சாரே, எல்லாம் பூர்த்தியாக்கியாச்சு, நீங்க எழுதவேண்டிய கோளம் மட்டும் பாக்கி,” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். “இந்த வருஷம் விட்டா அவளுக்கு வயசு தாண்டிப்போவும். நாளைக்குக் கடைசி நாளாக்கும். உச்சைக்கு, ஒரு மணிக்கு, பியூன் நெய்யாற்றின்கரை கல்வி ஆபீசுக்கு எடுத்துட்டுப் போவான்.”

அன்று சாயங்காலம் ஷைனியின் அம்மா என்னைத் தேடி வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றதற்கு, வேலைக்கோலம் என்று மறுத்துவிட்டார்.

“சாரே, எனக்கு ஒண்ணும் பேசத் தெரியாது. எனக்க கையப் பாருங்க.”

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கருகி, தோல் உரிந்து, ரேகையே தெரியாத கைகள்.

“அஞ்சு கழிஞ்சா அவளையும் கூட்டிட்டு வா எண்ணு ஆபீசுல ஒருத்தி இப்பவே செல்லுதா. அவ இங்கிலீஷ் எப்பிடி சாரே?”

“நல்ல பிள்ளையாக்கும். ஆனா உச்சரிப்பு...” என்று இழுத்தேன். அந்த இழுப்பு அவருக்குப் புரிந்தது. கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, “சாருக்குத் தெரியாததா,” என்று சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பட்டியலை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுதினேன். ‘பேச்சில் தாய்மொழியின் தாக்கம் மிகுதி. இப்போதைக்குத் தகுதியில்லை.’ இங்கிலீஷில், அழகான கையெழுத்தில். அந்தக் கைகளைப் பார்த்த பிறகும் உண்மையை எழுதினேனே என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. இதை உங்களிடம் மறைத்துப் பயனில்லை. நாம் செய்கிற பெரிய பிழைகளின்போது பெரும்பாலும் நமக்கு நம்மைப் பற்றி நல்ல அபிப்பிராயம்தான் இருக்கும்.

மதியச் சாப்பாடு முடிந்து, என் வகுப்பின் ஓரத்தில் இருந்த தண்ணீர்த்தொட்டியில் கை கழுவ வந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் டீச்சர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். சொற்களை உருட்டி உருட்டி, வாய்க்குள் வெல்லக்கட்டி வைத்திருப்பதுபோல அவர் பேசும் இங்கிலீஷ். இடைவேளையில் என்ன பாடம் என்று யோசித்தபடி திரும்பினால், டீச்சர் என் பக்கத்தில் நின்று டிபன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நான் நின்றுவிட்டேன். டீச்சர் வாயில் விரலை வைத்து, தட்டியின் ஓட்டையைக் காட்டினார்.

உள்ளே இரண்டு டிவிஷன் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தவள் ஷைனி. டீச்சரின் குரலில் ஒரு வரியை முடித்தாள். அடுத்து, “இனி ரேடியோ!” என்று ஒரு பையன் கத்தினான். ஷைனி முதுகை நிமிர்த்தினாள். டெல்லியிலிருந்து சாயங்காலம் இங்கிலீஷில் செய்தி வாசிப்பார்களே, அந்தக் குரல். அவசரமே இல்லாத, பளிங்குத் தரையில் நடப்பதுபோன்ற குரல். செய்தி என்னவோ எங்கள் பள்ளிக் கிணற்றில் வாளி விழுந்ததைப் பற்றித்தான். ஆனால் அந்த ‘பக்கெட்’டின் முதல் ஒலி, நான் துண்டுத்தாளைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தேடிய அந்த மெல்லிய ஒலி, அவள் வாயில் தண்ணீர்போல வந்தது. எனக்குப் புல்லரித்தது. எங்கே வைத்திருந்தாள் இதை?

“இனி நம்ம சார்!”

பிள்ளைகள் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஷைனி சட்டைப்பையிலிருந்து தாள் எடுப்பதுபோலப் பாவனை செய்தாள். மடிப்பை மெதுவாகப் பிரித்தாள்.

“யெவரிபடி, இஸ்டாண்ட் அப்! யெவரி யெக் ஹாஸ் யெ ஷெல். யெக் இல்ல மக்கா, எக்! எத்தன தடவ செல்லியது உனக்கு!”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. எனக்குக் காது சுட்டது. டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன், நான் இப்படியா பேசுகிறேன் என்று.

“இதவிடக் கொஞ்சம் கூடுதலாக்கும் சாரே,” என்றார் டீச்சர். “பாவம், பிள்ள கொறச்சுத்தான் காட்டுதா.”

நான் தட்டியைத் தாண்டி உள்ளே போனேன். சிரிப்பு அப்படியே அறுந்தது. ஷைனி பெஞ்சிலிருந்து குதித்து, சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

“அடிக்கமாட்டேன் மக்கா. ஒண்ணு மட்டும் செல்லு. இவ்வளவும் தெரியும் உனக்கு. பின்ன எதுக்கு எனக்கிட்ட அப்பிடிப் பேசுத?”

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

“சாருக்க கிட்ட சாருக்க இங்கிலீஷ்தானே பேசணும்? டீச்சருக்க கிட்ட டீச்சருக்க இங்கிலீஷ். இல்லெங்கி மரியாதகேடு இல்லியா சார்?”

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றிருக்கிறேன். அதைப் போன்ற ஒரு பதிலை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பஸ் கண்டக்டருக்கு ஒரு பேச்சு, மீன்காரிக்கு ஒரு பேச்சு, சபையில் ஒரு பேச்சு என்று வளர்ந்த பிள்ளை, இங்கிலீஷையும் அதே வரிசையில் வைத்திருக்கிறாள். நான் தனியாக ‘எக்’ என்றால் அவளும் ‘எக்’. நான் ஓட்டத்தில் ‘யெக்’ என்றால் அவளும் ‘யெக்’. பிழை பிழை என்று நான் அவள் வாயில் பிடித்ததெல்லாம் எனக்கு அவள் தந்த மரியாதை. இதே வழக்கத்தில் டீச்சரோடு தினமும் மலையாளம் பேசிக்கொண்டிருந்த எனக்கு, அது என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தது தெரியவில்லை.

அப்புறம்தான் விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. மணி ஒன்றரை. பியூன் கிளம்பியாயிற்று.

ஓடினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பகல் வெயிலில், நெடுஞ்சாலையோரம். எதிரே வந்த பெற்றோர் இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். பியூன் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய கடையில் சாவகாசமாகச் சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு டீ பிடிக்கும் என்பதற்காக அன்றைக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

“எங்கெயாக்கும் சாரே இந்த ஓட்டம்? வீட்டுல ஆருக்காவது...?”

“அந்தக் கவரத் தாரும்.”

“ஒட்டியாச்சே. சீலும் வச்சாச்சு.”

வாங்கிக் கிழித்தேன். அவர் வாயில் வைத்த டம்ளரை எடுக்கவேயில்லை. இப்போது என்ன செய்வது? வேறு படிவம் கிடையாது. பிளேடால் மையைச் சுரண்டலாம். நம் தொழிலில் அது தெரியாதவர் இல்லை. ஆனால் சுரண்டிய இடம் வெளிச்சத்தில் தெரியும். யாரோ பிள்ளைக்காக மாற்றியிருக்கிறார்கள் என்று படிவத்தையே தூக்கிப் போடுவார்கள். தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கடைக்காரரின் கணக்குப் பலகையில் தாளை வைத்து, என் வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன், எழுதியது படிக்கத் தெரியும்படி. அதன் கீழே எழுதினேன்: ‘மேலே உள்ளது என் பிழை. இந்தப் பிள்ளையிடம் நான் இதுவரை கேட்டது என் உச்சரிப்பை. அவளுடையதை நீங்கள் கேட்டுப் பாருங்கள்.’ கையெழுத்துப் போட்டேன்.

பியூன் எட்டிப் பார்த்தார். “வெட்டி எழுதினா ஆபீசுல எடுப்பாவளா?”

“எடுக்கல்லெண்ணா எனக்க பேரச் செல்லும்.”

“அதத்தானே சாரே நீங்களே இப்ப கோடு போட்டுக் கெடுத்தது,” என்றபடி தாளைக் கிழிந்த கவரில் திணித்துக்கொண்டு பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

விஷயம் தெரிந்து ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்று வாரம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

திருவனந்தபுரத்தில் அந்தப் பள்ளி வராந்தாவில் நானும் ஷைனியின் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மேசைக்குப் பின்னால் ஓர் அம்மையார். வடகிழக்கு மாநிலத்து மலைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று வாசல்காரர் சொல்லியிருந்தார். சொற்களை நுனிநாக்கில் நிறுத்தி, வாக்கியத்தின் கடைசியில் குரலைச் சற்று மேலே தூக்கிப் பேசினார். நான் அதுவரை கேட்டிராத இங்கிலீஷ். ஷைனியும் கேட்டிருக்க வழியில்லை.

பெயரைக் கேட்டார். பதில் இல்லை. ஊரைக் கேட்டார். பதில் இல்லை.

ஷைனியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சொரசொரப்பு இன்னும் என் கையில் இருக்கிறது. “பிள்ள ஒண்ணும் மிண்டல்லியே சாரே.”

உள்ளே போய், அவளுக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லிவிடலாமா என்று பாதி எழுந்தேன். எழுந்தவன் உட்கார்ந்தேன். அவள் முகம் தெரிந்தது. பயம் இல்லை அதில். என் வாயைப் பார்ப்பாளே, அதேபோல அந்த அம்மையாரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முன்பு எத்தனையோ தடவை பார்த்தும் புரிந்துகொள்ளாத பார்வை.

பிறகு சின்னச் சின்னச் சொற்களாகச் சொன்னாள், இங்கிலீஷில். “மேடம், நீங்கள் கொஞ்சம் பேசுங்கள். நான் கேட்கிறேன். அப்புறம் நான் பேசுகிறேன்.”

அம்மையார் சிரித்துவிட்டார். பேனாவை மூடிவைத்தார். தன் ஊரைப் பற்றிச் சொன்னார்: அங்கே மழை எத்தனை நாள் விடாமல் பெய்யும், மேகம் எப்படி ஜன்னல் வழியாக அடுக்களைக்குள் வரும், தன் அம்மா எப்படி ஈரத் துணிகளை அடுப்புக்கு மேல் உலர்த்துவார் என்று. மூன்று நிமிடம் இருக்கும்.

ஷைனி பதில் சொன்னாள். தன் அப்பா அம்பூரியில் இருப்பதையும், மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, அதனால் மழை வந்தால் அப்பா வீட்டுக்கு வருவார், தனக்கு மழை பிடிக்கும் என்பதையும். எளிய வாக்கியங்கள்தான். ஒன்றிரண்டு தடுமாறின. ஆனால் அந்த நுனிநாக்கு, கடைசியில் சற்றே மேலே எழும் அந்தக் குரல்! ஒரு மலையிலிருந்து கூப்பிட்டதற்கு இன்னொரு மலை பதில் சொன்னதுபோல இருந்தது.

அம்மையார் பேனாவைத் திறந்து ஏதோ குறித்தார். பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். என் கோட்டின் மேல் விரலை வைத்து, “இது நீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “உங்கள் ஊரில் எல்லாக் குழந்தைகளும் இப்படியா?”

“தெரியாது மேடம். இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன்,” என்றேன்.

இடம் உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

தாய்மொழி பிள்ளையின் இங்கிலீஷைத் தொடுவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தொடும், நிச்சயமாகத் தொடும். உங்கள் பட்டியல்கள் என்னுடையதைவிட நல்லவையாகவும் இருக்கும். ஆனால் பிள்ளையின் நாக்கின் மேல் பழி போடுவதற்கு முன்னால், அது யாருடைய குரலைத் திருப்பித் தருகிறது என்று ஒருமுறை காது கொடுங்கள். அடுத்த வாரமே டீச்சரிடம் சொல்லி, நான் பாடம் எடுக்கும்போது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டு, என் பிழைகளை எழுதித் தரச் சொன்னேன். என் தாளின் பின்பக்கம் போதவில்லை.

நேர்காணலன்று திரும்பும் பஸ்ஸில் ஷைனி ஜன்னலோரம், நடுவில் அவள் அம்மா, இந்த ஓரத்தில் நான். பாலராமபுரம் தாண்டியதும் அம்மா அவளை இடித்தார். “அந்த மேடத்துக்க கிட்ட என்னெல்லாமோ பேசினியே. சாருக்க கிட்டயும் ஒண்ணு பேசு, நானும் கேக்கட்டு.”

ஷைனி என் பக்கம் திரும்பினாள். மலைநாட்டு அம்மையாரின் குரல் போய்விட்டிருந்தது. “சார், யெவரிபடி இஸ் ஹாப்பி,” என்றாள். அட்சரம் பிசகாத என் இங்கிலீஷ்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே நெய்யாற்றின்கரைக் கடைகள் வரத் தொடங்கின. பதில் சொல்ல வேண்டுமே. வாயைத் திறந்தேன், மூடினேன், நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று யோசித்தேன். ஐம்பதை நெருங்குகிற வயதில், முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்க, மெதுவாகச் சொன்னேன்:

“யெஸ் ஷைனி. எவ்ரிபடி.”

அவள் என் வாயைப் பார்த்தாள். ஒரு நிமிடம் பொறுத்தாள், நான் சும்மா சொன்னேனா, நிஜமாகவே அப்படித்தான் சொல்கிறேனா என்று பார்ப்பதுபோல.

“எவ்ரிபடி, சார்,” என்றாள்.